வாசலோடு திரும்பிப் போகும் பார்ட்டிகள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் இருக்கிறது. கட்டி 14 வருடம் ஆகிறது. கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல். விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் 9 வயது நாட்டு நாய் பிரவுனி, இரண்டு பூனைகள். சித்திரையிலிருந்து ஐந்து பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோடு திரும்பினார். இன்னொருவரின் அம்மா உள்ளே வந்ததுமே, "பூனை வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார். பூனைகள் அப்போது கட்டிலுக்கு அடியில் இருந்தன. எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன், சாம்பிராணி போடுகிறேன். புரோக்கர், "ரெண்டு மாசத்துக்கு இதுங்களை எங்கயாவது விட்டுடுங்க, பார்ட்டிகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்" என்கிறார். மாமியார் ஏதாவது காப்பகத்தில் கொடுத்துவிடச் சொல்கிறார். அசோசியேஷன் செயலாளரோ, "இங்க நாய் வளர்க்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு" என்று வருகிறவர்கள் காதில் விழும்படி பேசுகிறார். என்ன செய்வது?

— ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நானும் புரோக்கர்தான். வேளச்சேரி, நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் ரீசேல் வீடுகளைக் கைமாற்றி விடுகிற வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். அதனால் உங்கள் புரோக்கர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிற பார்ட்டி மூக்கைச் சுளிக்கக் கூடாது, அவருக்கு அதுதான் கவலை. ஆனால் மூன்றையும் இரண்டு மாதம் எங்கேயாவது அனுப்பிவைத்திருந்தாலும் அந்த அம்மா அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். வாசனை இப்போது பூனையிடம் இல்லை, வீட்டிடம் இருக்கிறது. சுவரோரத்தில், டைல்ஸ் இடுக்கில், சோபாவின் ஸ்பாஞ்சில், ஏசிக்குள். அதை எடுக்காமல் பூனையை எடுத்து என்ன பிரயோஜனம்?

உங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாது. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு நாறுமா? ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். நீங்கள் 9 வருடம் இருக்கிறீர்கள். அதனால் முதல் வேலையாக ஒரு வெளி மூக்கைக் கூப்பிடுங்கள். சிநேகிதி வேண்டாம், "அதெல்லாம் ஒண்ணும் இல்லடி" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். நாத்தனார் யாராவது இருந்தால் உத்தமம். "நாத்தம் அடிக்குதா?" என்று கேட்காமல், "எந்த எடத்துல அடிக்குது?" என்று கேளுங்கள். ஒவ்வொரு அறையாகக் கதவைச் சாத்தி வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகரச் சொல்லுங்கள்.

அடுத்தது டார்ச். கள்ள நோட்டு பார்ப்பதற்குக் கடைகளில் ஊதா வெளிச்சம் வைத்திருப்பார்களே, அதே வகை. கையில் பிடிக்கிற அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் அதால் பார்த்தால், காய்ந்த மூத்திரம் மஞ்சளும் பச்சையுமாக மினுங்கும். சோப்புத்தூள் கறையும் மினுங்கும், அதனால் குனிந்து முகர்ந்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நங்கநல்லூரில் ஒரு வீட்டில் நானே முட்டி போட்டுக்கொண்டு இதைச் செய்தேன். வீட்டுக்கார அம்மா பின்னாலேயே சாக்பீஸோடு வந்தார். மினுங்குகிற இடத்திலெல்லாம் வட்டம் போட்டோம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் 11 வட்டம், அதில் 7 ஒரே சுவரில், ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில். அந்த அம்மா தரையை மூன்று வருடமாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார், சுவரை ஒருநாளும் தொடவில்லை. கடுவன் பூனை உட்கார்ந்து போவது வேறு, வாலைத் தூக்கி நின்றபடி சுவரில் பீய்ச்சி எல்லை குறிப்பது வேறு. பின்னது எப்போதும் சுவரில்தான், கதவு நிலையில்தான். உங்கள் பூனைகளுக்குக் கருத்தடை ஆயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லை என்றால் பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஆண் பூனைகளில் பெரும்பாலானவை அறுவைக்குப் பிறகு இந்தப் பழக்கத்தை விட்டுவிடும் அல்லது குறைத்துக்கொள்ளும். இல்லையென்றால் புதுப் பெயிண்டின் மேல் முதல் கையெழுத்து அதனுடையதாக இருக்கும்.

சரி, கண்டுபிடித்த பிறகு? இங்கேதான் நம் வீடுகளில் எல்லோரும் தவறு செய்கிறோம். பூனை மூத்திரத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது காய்ந்து பொடிப் படிகமாகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் சரியாகக் கரையாது. சோப்புத் தண்ணீரில் கழுவினால் மற்றதெல்லாம் போய் அது மட்டும் தங்கிவிடும். வெயிலில் ஒன்றும் தெரியாது. காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வாசனை கிளம்பும். சென்னையில் ஈரம் இல்லாத நாள் ஏது? மழைக்காலத்தில் வாசனை கூடுவதாக நாய், பூனை வளர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். இந்தப் படிகத்தை உடைப்பதற்கென்றே என்சைம் கலந்த கிளீனர் பெட் ஷாப்பில் விற்கிறார்கள். அதைத் தெளித்து உடனே துடைத்துவிடக் கூடாது. முதலில் அந்த இடத்தில் பழைய பினாயில் மிச்சம் இல்லாமல் வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்துவிடுங்கள், கிருமிநாசினி இருந்தால் என்சைம் வேலை செய்யாது. பிறகு மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழம் நனையும்படி ஊற்றி, மேலே ஈரத்துணி போட்டு, பாட்டிலில் சொல்லியிருக்கிற நேரம் காயாமல் வைத்திருந்து, அப்புறம் தானாகக் காய விடுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை ஆகும்.

ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். மூத்திரத்தில் இருக்கிற அமோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது விளையாட்டில்லை. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம். பூனைக்கு அது மூத்திர வாசனை மாதிரியே இருக்கும், "ஓஹோ, இதுதான் இடம்" என்று அங்கேயே மறுபடி போகும். வினிகர் நல்லது என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். உங்கள் தரை விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் பரவாயில்லை. பழைய ஃபிளாட்களில் இருக்கிற மொசைக், மார்பிள் தரையில் ஊற்றினால் பாலிஷ் போய்விடும். அப்புறம் தரை பாலிஷ் செலவு தனி.

பினாயிலைப் பற்றி ஒரு வார்த்தை, இது வீடு விற்பதோடு சம்பந்தமில்லாததுதான். கறுப்பு பினாயில், தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினிகள் இவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து காலை நக்கினால் உள்ளே போகிறது. அலமாரியில் போடுகிற பாச்சை உருண்டை நாய்க்கும் பூனைக்கும் விஷம். கற்பூரமும் அப்படியே. வீடு மணக்க வேண்டும் என்று மூலைக்கு மூலை கற்பூர வில்லை வைத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும், நல்ல காலம், பூனை அதைச் சீண்டவில்லை. சாம்பிராணியும் வேண்டாம், காலை பத்து மணிக்குப் புகைமூட்டமாக இருக்கிற வீட்டுக்குள் நுழைகிற பார்ட்டி என்ன நினைப்பார் தெரியுமா? எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார். நானே அப்படித்தான் நினைப்பேன்.

உங்கள் டைல்ஸ் உறிஞ்சாது, இடுக்கில் இருக்கிற ஒயிட் சிமெண்ட்தான் உறிஞ்சும். வட்டம் போட்ட இடங்களில் மட்டும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி கிரவுட், அதாவது தண்ணீர் உறிஞ்சாத இடுக்குப் பூச்சு, போடச் சொல்லுங்கள், அரைநாள் வேலை. சுவரில் இறங்கியிருந்தால் நேரே பெயிண்ட் அடித்தால் வாசனையும் வரும், ஆறு மாதத்தில் மஞ்சளும் வெளியே தெரியும். என்சைம் போட்டுக் காயவிட்டு, பட்டி உப்பியிருந்தால் சுரண்டிவிட்டு, தின்னரில் கலக்குகிற எண்ணெய் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன் மேல் எமல்ஷன் அடிக்க வேண்டும். பெயிண்டர் தண்ணீர் பிரைமரே போதும் என்பார். இந்த ஒரு சுவருக்கு மட்டும் நீங்கள் பிடிவாதம் பிடியுங்கள். அந்த இரண்டு மூன்று நாள் பூனைகளைப் பெயிண்ட் வாசனை எட்டாத அறையிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வைத்திருங்கள். சமையலறை கப்போர்டின் அடிப்பலகை, வார்ட்ரோபின் கீழ்த் தட்டு இவை பிளைவுட் அல்லது பார்ட்டிகிள் போர்டாக இருந்து மூத்திரம் குடித்து உப்பியிருந்தால் எந்த கிளீனரும் உதவாது. அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடுங்கள்.

சோபாவை நீங்கள் விற்கப்போவதில்லை, அதனால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். துணி சோபாவாக இருந்தால் வீடு காட்டுகிற நாட்களில் அது வீட்டில் இருக்கவே கூடாது. திருச்சிக்கு முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள், அல்லது மனசில்லாமல் கொடுத்துவிடுங்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் ஹால் பெரிதாகவும் தெரியும். ஏசியை ஃபில்டர் கழுவுவதோடு விடாமல் முழு சர்வீஸ் செய்யுங்கள். பார்ட்டி வந்ததும் மரியாதைக்கு ஏசியைப் போடுவோம், அது இரண்டு வருட முடியையும் வாசனையையும் அவர் முகத்தில் ஊதும். ஃபேன் இறக்கைக்கு மேல் பக்கமும் பாருங்கள். மெத்தை, கர்ட்டனில் ஒட்டிய முடிக்குத் துடைப்பம் வேண்டாம், பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு ஒரே திசையில் வழித்தால் உருண்டையாக வந்துவிடும்.

இரண்டு அடையாளங்கள், வீட்டுக்காரர் கண்ணில் படாது, பார்ட்டி கண்ணில் முதலில் படும். ஒன்று, பிரவுனி வழக்கமாகச் சாய்ந்து படுக்கிற சுவரில், அதன் தோள் உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்காக ஒரு பழுப்புப் பட்டை இருக்கும். ஹாலில் திரும்புகிற மூலையிலும் இருக்கும். இன்னொன்று, வாசல் கதவின் உள்பக்கம், பால்கனிக் கதவின் கீழ்ப்பக்கம் நகக்கீறல். தேக்குக் கதவு என்று விலை சொல்லும்போது பார்ட்டியின் விரல் அந்தக் கீறல் மேல்தான் போகும். கார்பெண்டர் ஒருநாள் வந்து தேய்த்து, அதே நிறத்தில் மரப்பட்டி வைத்து, பாலிஷ் போட்டுவிட்டால் போதும். ஜன்னலில் பூனை கிழித்த கொசுவலையையும் மாற்றிவிடுங்கள். மடிப்பாக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர் தண்ணீரைப் பற்றிக் கேட்ட அடுத்த நிமிடம் கொசுவைப் பற்றித்தான் கேட்பார்.

இதற்கெல்லாம் மேலாக நான் பயப்படுவது உண்ணிக்கு. வாசனை வந்தால் பார்ட்டி மரியாதையாகப் போய்விடுவார், சுவரில் ஒரு உண்ணி ஊர்வதைப் பார்த்தால் தெருவுக்கே சொல்லிவிட்டுப் போவார். நம் ஊர் நாய்களின் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. ஒரு பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் விரிசலில், கதவு நிலையின் இடுக்கில், மின் சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். ரத்தம் கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடும் இருக்கும். ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டினால் போதாது. பிரவுனிக்கு மருத்துவர் தருகிற உண்ணி மாத்திரையோ சொட்டு மருந்தோ கொடுக்கிற அதே வாரத்தில் வீட்டுக்கும் மருந்தடிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து, முட்டை பொரிந்து வருகிறவற்றுக்கு, இன்னொரு முறை. மருந்தடிக்க வருகிறவரிடம் "வீட்டுல பூனை இருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். பெர்மெத்ரின் வகை மருந்து நாய்க்குத் தாங்கும், பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். நாய்க்கு விடுகிற சொட்டு மருந்தைப் பூனைக்குப் பங்கு போட்டு விடாதீர்கள்.

இவ்வளவு வேலைக்கு நேரம் எங்கே என்று கேட்காதீர்கள். உங்கள் கடிதம் ஆனி கடைசியில் வந்திருக்கிறது. ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், சும்மா பார்த்துவிட்டு "ஆவணி பொறக்கட்டும்" என்பார்கள். புரோக்கரிடம் ஆடி முழுக்க யாரையும் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் முணுமுணுப்பார். ஐந்து பேர் பார்த்துப் போன வீடு என்ற பேச்சும் அதற்குள் ஆறிவிடும். புதுப் படம் எடுங்கள், பழைய விளம்பரத்தில் சோபா மேல் பிரவுனி படுத்திருக்கிற படம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அழகான படமாகத்தான் இருக்கும், ஆனால் வீடு விற்கிற படம் அது இல்லை.

இனி, பார்ட்டி வருகிற நேரம். உங்கள் புரோக்கர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியும்: "நாயை பாத்ரூம்ல போட்டுச் சாத்திடுங்க மேடம்." வீடு பார்க்க வருகிறவர்கள் அதிக நேரம் நிற்கிற இடமே பாத்ரூம்தான். குழாயைத் திறந்து பிரஷர் பார்ப்பார்கள், மேல் வீட்டுக் கசிவு இருக்கிறதா என்று கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். "அந்த ரூமை மட்டும் திறக்காதீங்க, உள்ள நாய் இருக்கு" என்று நீங்கள் சொல்லி, உள்ளேயிருந்து பிரவுனி கதவைப் பிறாண்டினால், அந்த வீட்டில் அவர்கள் பார்த்த மற்ற எல்லாமும் மறந்துபோகும். "எங்க நாய் கடிக்காதுங்க" என்ற வாக்கியமும் வேண்டாம். நாய் வளர்க்கிற அத்தனை பேரும் சொல்கிற வாக்கியம் அது, நாய்க்குப் பயப்படுகிற ஒருவரும் இதுவரை நம்பியதில்லை.

பிரவுனி வெளியேதான் போக வேண்டும். கணவரோ பையனோ ஒருவர் அதை அழைத்துக்கொண்டு அரைமணி முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும், திரும்புவதும் நீங்கள் போன் செய்த பிறகுதான். இதற்காக முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். கீழே நின்றுகொண்டு "பார்ட்டி வந்துட்டாங்க, அஞ்சு நிமிஷம்" என்பது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம், நானும் செய்திருக்கிறேன். ஒரு மணி நேரம் முன்னால் போன் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நேரத்தைக் காலை எட்டிலிருந்து பத்துக்குள் வையுங்கள். பகல் வெயிலில் தார் ரோட்டில் நடந்தால் நாய்க்குப் பாதம் வெந்துவிடும், சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம், உங்கள் பக்கம் வருகிற பாதிப் பேர் அதற்குள் படியேற மாட்டார்கள். மொட்டை மாடியில் கட்டிப்போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பூனைக்கு வேறு வழி. அதை வெளியே நடத்திக் கூட்டிப்போக முடியாது, புதிய ஆள் குரல் கேட்டாலே பதுங்கிவிடும். காற்றோட்டமான பூனைக் கூடை இரண்டு வாங்கி இன்றைக்கே ஹாலில் திறந்து வையுங்கள். உள்ளே சாப்பாடு வையுங்கள், கதவைச் சாத்தாதீர்கள். இரண்டு வாரத்தில் அதுவாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். பார்ட்டி வருகிற நாளில் கூடையோடு எதிர்வீட்டுக்கோ காருக்கோ போய்விடலாம். காருக்கு என்றால் நிழலில், ஏசி போட்டு, ஆளும் கூடவே இருக்க வேண்டும். ஆண் பூனையாக இருந்தால் இந்த அமளியில் ஒன்றைக் கவனியுங்கள்: பதற்றத்தில் சில பூனைகளுக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டுக்குப் போய்ப் போய் முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது உங்கள் புரோக்கரின் இரண்டாவது யோசனை, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பது. நான் சொல்லச் சொல்வேன். கதவைத் திறந்ததும் சொல்ல வேண்டாம், விளம்பரத்திலும் வேண்டாம். இரண்டாவது முறை பார்க்க வருகிறவரிடம், டோக்கன் அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்னால், "வீட்டில் நாயும் பூனையும் இருந்தன. இன்ன இன்ன சுவர், இன்ன பலகை சரிசெய்திருக்கிறோம், உண்ணிக்கு மருந்தடித்த பில் இதோ" என்று சொல்லுங்கள். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை மறைக்கக் கூடாது என்கிறது. நாய் வளர்த்தது குறை இல்லை. கப்போர்டுக்கு அடியில் உப்பிய பலகையும் சுவருக்குள் உண்ணியும் தெரிந்தே விட்டுவிட்டால் அது வேறு.

சட்டத்தைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. பூனையின் எச்சிலிலும் தோலிலும் வருகிற ஒரு புரதம்தான் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது. அது மெல்லிய தூசியாகச் சுவரில், மெத்தையில், கர்ட்டனில் ஒட்டிக்கொள்ளும். பூனை போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். சில வருடங்களுக்கு முன்னால் நான் முடித்துக்கொடுத்த ஒரு வீட்டில், விற்றவர் பூனையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்கள் எல்லோரிடமும் மறைத்துவிட்டார். வாங்கியவர் வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை. பால் காய்ச்சிய மூன்றாம் நாள் அந்தக் குழந்தைக்கு இழுப்பு வந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்திரம் பதிவாகிவிட்டது, பணம் போய்விட்டது. அவர்கள் சண்டைக்கு வந்தது என்னிடம். முன்பே தெரிந்திருந்தால் சுவரெல்லாம் துடைத்து, பெயிண்ட் அடித்து, ஒரு மாதம் காலியாகத் திறந்து போட்டுவிட்டுக் குடியேறியிருப்பார்கள். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சொன்னால் பார்ட்டி போய்விடுவாரே என்றால், சிலர் போவார்கள். "நாய் படுத்த வீடா" என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பைரவர் வாகனம் என்று கையெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாய் வளர்ப்பதாலேயே வாடகை வீடு கிடைக்காமல் அலைந்து, சொந்த வீடு தேடுகிறவர்களை நான் இப்போது மாதத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அவர்களுக்கு உங்கள் வீட்டில் நாய் இருந்தது நல்ல செய்தி. அங்கேதான் உங்கள் செயலாளர் குறுக்கே வருகிறார்.

அவருடைய தீர்மானம் செல்லாது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டு போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இரண்டின் நகலும் கூடவே இருக்கட்டும். ஆனால் எடுத்தவுடன் அதை அவர் முகத்தில் நீட்டாதீர்கள், அசோசியேஷன் பாக்கி இல்லை என்ற கடிதத்துக்கு நீங்கள் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். முதலில் அவர் ஏன் கோபமாக இருக்கிறார் என்று பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் காரணம் தீர்மானம் இல்லை, பால்கனி. நாய் மூத்திரம் போன பால்கனியைக் கழுவிவிட்ட தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டியிருக்கும். கீழ்வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய், "இனிமே பக்கெட்ல தொடைச்சு எடுத்துடறேங்க்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாட்ச்மேனிடமும் நாலு வார்த்தை நல்லதாகப் பேசுங்கள். மடிப்பாக்கத்தில் வீடு பார்க்க வருகிற எவரும், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்க வாட்ச்மேனிடம்தான் போவார்கள், பேச்சோடு பேச்சாக உங்கள் வீட்டுக் கதையும் வரும்.

மாமியார் சொல்கிற காப்பகம். கோபப்படாதீர்கள், அவர் வயதுக்கு அது ஒரு தீர்வாகத் தெரிகிறது. ஆனால் 9 வயது நாயைக் காப்பகக்காரர்கள் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம், காயம்பட்ட தெருநாய்களுக்கே அங்கே இடம் போதாது. எங்கேயாவது இறக்கிவிட்டு வருவதோ 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். பெயிண்ட் வேலை நடக்கிற ஒரு வாரம் பிரவுனி ஏற்கெனவே பழகிய சொந்தக்காரர் வீட்டிலோ, நீங்கள் நேரில் போய்ப் பார்த்த கென்னலிலோ இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது இதெல்லாம் தயாராக இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் இங்கே ஆரம்பிக்கவில்லை. ஒன்றே ஒன்று: ஒப்பந்தம் போடும்போது வீட்டை ஒப்படைக்கிற தேதியைப் பதிவு முடிந்து பத்து நாள் தள்ளிக் கேளுங்கள். மூன்று பிராணிகளோடு ஒரே நாளில் காலி செய்ய முடியாது. சாமான் ஏற்றுகிற அன்று வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும், பூனை காணாமல் போவது அன்றைக்குத்தான். காலையிலேயே இரண்டையும் கூடையில் வைத்து, சாமானை எடுத்துக் காலியாக்கிவிட்ட ஒரு அறையில் பூட்டி, கதவில் பேப்பர் ஒட்டிவிடுங்கள். திருச்சி வீட்டிலும் முதலில் ஒரே அறைதான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று வாரமாவது வெளியே விடாதீர்கள், பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும்.

வீட்டில் இருக்கிற எல்லாத் துணியையும் துவைத்துவிடுங்கள். பூனைகள் படுக்கிற போர்வை ஒன்றையும் பிரவுனியின் பழைய சாக்கையும் மட்டும் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பார்ட்டி கண்ணில் படாமல் கார் டிக்கியில் போட்டு வையுங்கள். திருச்சி வீட்டில் சாமான் இறக்கும் முன்னால் அதைத்தான் முதலில் விரிக்க வேண்டும்.